மணிச்சி இல்லாத முதல் லோட்

மணிச்சி ஏற மறுத்துவிட்டாள்.

வாய்க்கால் அணையோடு லொறியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தியிருந்தோம். அணை மண்ணும் லொறிப் பலகையும் ஒரே மட்டம். மாடு பாயத் தேவையில்லை, ஒரு அடி எடுத்து வைத்தால் உள்ளே போய்விடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் கீழே தேங்கியிருந்த மழைத்தண்ணீர் மினுங்கியது. மணிச்சி குனிந்து அதைப் பார்த்தாள், பெரிதாக மூச்சு விட்டாள், பின்னுக்குப் போனாள். கழுத்தில் கிடந்த பித்தளை மணி ஒரு தரம் குலுங்கி ஓய்ந்தது.

புரட்டாசிக் கடைசி. விசுவமடுவில் வெயில் ஏறுவதற்குள் புழுங்கத் தொடங்கிவிட்டது. என் கணவர் யோகராசா பின்னால் நின்று தள்ளினார். நான் முன்னால் நின்று கயிற்றை இழுத்தேன். மாட்டுக்குச் சொந்தக்காரியான தெய்வானை அக்கா அணையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. முழங்கால் வீங்கி, நடக்க முடியாமல் போன வருடம் அது. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தா.

என் கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னேரத்துக்கு ஒத்துக்கொண்ட இன்னொரு மாட்டுக்காரர். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மூன்றாம் தரமாகக் கேட்டார்.

ஏன் அந்த வேலையை விட்டேன்

பால் சேகரிப்பு நிலையத்தில் நான் இருந்த நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: நிழலில் இருந்து சம்பளம் எடுத்த வேலையை விட்டுவிட்டு ஏன் மாட்டுச் சாணிக்குள் இறங்கினீர்கள்?

நியாயமான கேள்வி. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இதைவிடக் காரமாகக் கேட்டிருப்பா.

பதினொரு வருடம் அந்த நிலையத்தில் இருந்தேன். விடிய வரும் பாலை அளப்பது, பால்மானியை விட்டுத் தடிப்புப் பார்ப்பது, கொழுப்புப் பார்ப்பது, அட்டையில் எழுதுவது. நான் சொல்லும் இலக்கம்தான் பாலின் விலை. அதனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரிடம் எத்தனை மாடு, எது கன்று போட்டது, யாருடைய பிள்ளை மாடு பார்க்க மறுக்கிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் மழைக்கால நெற்பயிரான காலபோக விதைப்புக்கு முன்னர் கமக்காரர் கூட்டம் ஒன்று கூடும். இன்ன திகதிக்கு முன்னர் மாடுகள் எல்லாம் வயற்பக்கத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். வயல்களுக்கு வேலி கிடையாது. அந்தத் திகதிக்குப் பிறகு மாடு வயலில் நின்றால் பிடித்துக் கட்டுவார்கள், தண்டமும் உண்டு. ஆகவே மந்தைகளை மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோய்விட்டு, அறுவடை முடிந்த பின்தான் திருப்பிக் கொண்டுவருவார்கள். தெய்வானை அக்காவின் மந்தை பூநகரிக் கரையோரப் பற்றைகளுக்குப் போகும். நடத்திக்கொண்டு போனால் இரண்டு நாள்.

நடத்த ஆட்கள்தான் இல்லை. இளையவர்கள் கொழும்பிலும் கட்டாரிலும். இருப்பவர்களுக்கு முழங்கால் இல்லை. இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு லொறி தெரிந்தது. வேலையை விட்டு, சேமலாப நிதியை எடுத்து, வவுனியாவில் பழைய லொறி ஒன்றை வாங்கினோம்.

வெறும் லொறி திரும்பி வரும் பாதை

மாடு ஏற்றும் தொழிலை யாரும் தொடங்க நினைத்தால், நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். லொறியின் விலையோடு செலவு முடிவதில்லை. சுற்றிவரக் கம்பிக் கூடு அடிக்க வேண்டும். குளம்பு சறுக்காமல் இருக்கத் தளத்தில் குறுக்குச் சட்டங்கள் அறைய வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் மிருக வைத்தியரின் சான்றிதழ், அனுமதிக் கடிதம், அதில் மாட்டின் நிறம், குறி, போகும் பாதை. ஒரு மாட்டின் நிறம் பிசகினாலும் வீதிச் சோதனையில் அரை நாள் போய்விடும்.

பெரிய நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. போகும்போது மாடு, வரும்போது ஒன்றுமில்லை. மாடு ஏற்றிய லொறியில் அரிசி ஏற்றுவாரில்லை, மரக்கறி ஏற்றுவாரில்லை. நான் மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று தரம் கழுவிய லொறியை, சீமெந்துக் கடைக்காரர் ஒருவர் தூரத்தில் நின்றே மூக்கைச் சுளித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். சீமெந்துக்குக்கூட வாசம் பிடிக்குமோ என்று என் கணவர் வழி முழுவதும் கேட்டுக்கொண்டு வந்தார்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு எரு ஏற்றிப் பார்த்தோம். அது கொஞ்சம் கைகொடுத்தது. ஆனால் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. கூலி ஒரு பக்கத்துக்குத்தான் கிடைக்கும், டீசல் இரண்டு பக்கமும் குடிக்கும். அதோடு இந்தத் தொழிலின் உழைப்புக் காலம் வருடத்தில் இரண்டே இரண்டு சிறு பருவங்கள். விதைப்புக்கு முன் சில நாள், அறுவடைக்குப் பின் சில நாள். அந்த நாட்களில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் லொறி வேண்டும். மற்ற மாதங்களில் லொறி முற்றத்தில் நிற்கும், கோழி அதன் கீழே படுத்திருக்கும்.

ஆகவே அந்த நாட்களில் ஒரு மணித்தியாலம் என்பது எனக்கு ஒரு மணித்தியாலமாகத் தெரியவில்லை. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தேன் என்று சொல்கிறேன்.

முதல் வருடம் என்பதால் ஆட்களைப் பிடிக்கக் கூலியையும் குறைத்துச் சொல்லியிருந்தேன். குறைத்த கூலியைச் சமாளிக்க ஒரே நாளில் இரண்டு பேரின் மந்தையை ஒத்துக்கொண்டேன். பூநகரியில் பட்டி பார்க்கும் மரியதாஸ் அண்ணையிடம், முழுநாள் வேண்டாம், பின்னேரம் வந்து நின்றால் போதும் என்று சொல்லி அவருடைய கூலியிலும் பாதியைக் குறைத்தேன். நான் கெட்டிக்காரி என்று அன்று எனக்கு ஒரு நினைப்பு.

அரைக்கதவுக்கு வெளியே

தெய்வானை அக்கா மலையகத்தில் பிறந்தவ. ஏதோ ஒரு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பான லயம் எரிந்தபோது, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தவ. வந்தவர்களுக்குக் கிடைத்தது காட்டு ஓரம். என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வாய்க்கால் தண்ணீரோடு வயல் பெற்றவர்கள். இரண்டு பகுதியும் வந்தேறிகள்தான். ஆனால் எங்களில் பலருக்கு அது ஞாபகம் வருவதில்லை.

புருசன் இல்லை. பிள்ளைகள் இருவரும் தெற்கே உடுப்புத் தைக்கும் ஆலையில். பதின்மூன்று மாடுகள். அதில் மூன்றின் பாலில்தான் சீவியம். சிவப்பி என்ற நாகு அந்த வருடம் தலைச்சன் சினை. மார்கழியில் கன்று போடும், பால் நாலு மாட்டுப் பாலாகும், கூரைக்குத் தகடு போடலாம் என்று அக்கா எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறா.

பால் நிலையத்துக்கு வரும் மற்றவர்கள் உள்ளே வந்து என் தோளுக்கு மேலால் பால்மானியை எட்டிப் பார்ப்பார்கள், இலக்கம் குறைந்தால் சண்டை பிடிப்பார்கள். தெய்வானை அக்கா அரைக்கதவுக்கு வெளியே நின்று வாளியை நீட்டுவா. நான் சொல்லும் இலக்கத்தைக் கேட்டு, சரிங்க தங்கச்சி என்று தலையாட்டிவிட்டுப் போவா. பதினொரு வருடத்தில் ஒரு நாளும் உள்ளே வரவில்லை. அடக்கமான மனுசி என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் லோட்டில் பார்ப்போம்

வாய்க்கால் அணைக்குத் திரும்புகிறேன்.

முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. மணிச்சி அசையவில்லை. மந்தையை நடத்திப் போகும் வழக்கத்தில் மணி கட்டிய மாடுதான் முன்னே போகும். மற்றவை அந்தச் சத்தத்தின் பின்னால் போகும். தெய்வானை அக்கா காலையிலேயே அதைச் சொல்லியிருந்தா.

இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதற்கு மேல் தள்ளினால் மாடு காலை முறித்துக்கொள்ளும் என்றார். தொலைபேசி மறுபடியும் அடித்தது. நான் கயிற்றை விட்டேன்.

"இவளை ரெண்டாம் லோட்டில பாப்பம். மற்றதுகளை ஏத்துங்கோ," என்றேன்.

தெய்வானை அக்கா கதிரையில் முன்னுக்கு வந்தா. "மொதல்ல அவளத்தான் ஏத்தணும் தங்கச்சி. அவ இல்லாம மத்ததுக அங்க நிக்காதுக."

"அக்கா, இது நடந்து போறேல்லைத்தானே. லொறி. எது முந்திப் போனால் என்ன? ரெண்டு மணித்தியாலத்தில அவளும் அங்க நிப்பாள்."

அக்கா பின்னுக்குச் சாய்ந்தா.

"சரிங்க. நீங்க படிச்சவுங்க. ஒங்களுக்குத் தெரியும்."

பால் நிலையத்தில் இலக்கத்தைக் கேட்டுத் தலையாட்டும் அதே குரல். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு மாடுகளை ஏற்றினோம். சிவப்பி கடைசியாக ஏறினாள். அவளுக்கு அதிகம் குலுங்கக் கூடாது என்று பின்பக்கத்து மூலையில் வைக்கோல் கூடப் போட்டேன். அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தேன்.

பூநகரியில் முள்ளுக் கட்டையால் அடைத்த பட்டிக்குள் ஏழையும் இறக்கினோம். பட்டி வாசலின் படலையைக் கயிற்றால் கட்டினேன். நான் குறைத்த கூலியின்படி மரியதாஸ் அண்ணை இன்னும் வந்திருக்கவில்லை. மாடுகள் எங்களைப் பார்க்கவில்லை, வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றன. நாங்கள் லொறியைத் திருப்பினோம்.

அப்பா அறுத்த கயிறுகள்

அந்தப் பார்வையை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். கண்டும் எப்படி மறந்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்காதது.

போரின் கடைசி இடப்பெயர்வு. உழவு இயந்திரப் பெட்டியில் பாத்திரமும் படுக்கையும் ஆட்களும். மாடுகளைக் கொண்டுபோக வழியில்லை. கட்டிவிட்டுப் போனால் பட்டினியில் சாகும் என்று அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய் ஒவ்வொரு கயிறாக அறுத்தார். எங்கள் ஊரில் அன்று எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது.

எங்கள் வெள்ளைப் பசு போகவில்லை. பெட்டியின் பின்னால் வந்தது. வீதிக்கு வந்த பிறகும் வந்தது. அப்பா எங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். நான் பார்த்தேன். மற்ற மாடுகள் அதன் பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு வளைவில் அவை தெரியாமல் போயின.

மீண்டும் குடியமர வந்தபோது தொழுவத்தின் கட்டையில் அறுந்த கயிற்றுத் துண்டுகள் மட்டும் இருந்தன. அப்பா அவற்றை அவிழ்த்து ஒரு பையில் வைத்திருந்தார்.

வெறும் பட்டி

இரண்டாம் லோட்டில் மணிச்சியை ஏற்ற மேலும் ஒரு மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் ஒரு சாக்கை இடைவெளியின் மேல் விரித்து, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்காத குறையாக ஏற்றினோம். பரந்தனைத் தாண்டிப் போகும்போதே பின்னேரம் மூன்று மணி.

பட்டியில் முள்ளுக் கட்டை ஒரு பக்கம் மிதிபட்டுக் கிடந்தது. நான் கட்டிய படலைக் கயிறு கட்டியபடியே இருந்தது. மரியதாஸ் அண்ணை அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். குளம்படிகளைப் பார்த்து, அவை வீதியால் போகவில்லை, வயலுக்குள்ளால் வீட்டுப் பக்கம் போகின்றன என்றார். அந்தப் பக்கத்து வயல்களில் முந்தியே விதைத்திருந்தார்கள்.

ஏழு மாடு. எனக்கு அது லொறிக் கூலி, அக்காவுக்கு அதுதான் எல்லாம்.

இவர்தான் சொன்னார், மணிச்சியை இறக்க வேண்டாம் என்று. லொறியை வயற்பாதையால் நடை வேகத்தில் விட்டார். பள்ளங்களில் லொறி குலுங்கும்போதெல்லாம் மணி அடித்தது. நின்று நின்று போனோம். ஒரு இடத்தில் மணிச்சி கழுத்தை நீட்டி நீளமாகக் கத்தினாள்.

பற்றைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மாடு வந்தது. பிறகு ஒரு கறுப்பி. வந்து லொறியின் பின்னால் சேர்ந்துகொண்டன. நான் இறங்கிப் பின்னால் நடந்தேன். இன்னும் இரண்டு வாய்க்காலைக் கடந்து வந்தன. ஒவ்வொன்றாக ஆறு வரை எண்ணினேன். ஆறோடு நின்றுவிட்டது.

சிவப்பி ஒரு வரம்பின் ஓரத்தில் கிடந்தாள். பன்றிக்காக இழுத்திருந்த மின்கம்பி அவளுடைய முன்னங்காலின் கீழே இருந்தது. வயற்காரர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூரத்தில் நின்றார். அவளுடைய வயிறு பெரிதாக இருந்தது. அதில் கை வைத்துப் பார்த்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம்.

அக்காவுக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். இவர் எடுக்கிறேன் என்றார், விடவில்லை. சிவப்பியைப் பற்றிச் சொன்னேன். அக்கா கேட்டா:

"மணிச்சி எங்க நிக்கிறா?"

பட்டிக்குக் கொண்டுபோகிறோம் என்றேன்.

"அவள நடுவுல விடுங்க. மத்ததுக சுத்திப் படுத்துக்கும்."

அப்படித்தான் விட்டோம். அப்படித்தான் படுத்தன. பின்னேரம் ஒத்துக்கொண்ட மற்ற மாட்டுக்காரர் வேறு வாகனம் பிடித்துவிட்டார். அவர் தொலைபேசியில் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் நான் அதற்குத் தகுதியானவள்தான்.

வேண்டாம் என்று சொல்ல வசதியில்லை

சினை நாகின் பெறுமதி என்னவென்று மாடு வாங்கி விற்பவர்களிடம் விசாரித்து, சேமலாப நிதியில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். லொறியின் பின்சக்கர ரயர்களுக்கு என்று வைத்திருந்த காசு அது. வழி முழுவதும், அக்கா வாங்க மறுப்பா, நான் வற்புறுத்த வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அப்படி மறுத்தால் என் மனம் கொஞ்சம் ஆறும் என்றும் உள்ளுக்குள் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வாங்கினா.

"வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சிருப்பீங்க. அப்பிடிச் சொல்ல எனக்கு வசதி இல்லங்க," என்றா.

தேத்தண்ணீர் தந்தா. குடித்தேன். தகடு போடாத கூரையைப் பார்க்காமல் இருக்க நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் லொறி தேய்ந்த ரயரோடு முற்றத்தில் நின்றது. விற்றுவிடுவோம் என்று இவரிடம் இரண்டு தடவை சொன்னேன். இவர் தளத்துச் சட்டங்களுக்கு ஆணி அறைந்துகொண்டிருந்தார்.

பங்குனியில் வந்த அழைப்பு

அறுவடை முடிந்ததும் முதல் அழைப்பு தெய்வானை அக்காவிடமிருந்து வந்தது. மாடுகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம். நான் கூலி வேண்டாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சரியான கூலியைச் சொல்லச் சொன்னா. குறைத்தால் வேறு லொறி பார்ப்பேன் என்றா.

இந்தத் தடவை அந்த நாளுக்கு வேறு எவரையும் ஒத்துக்கொள்ளவில்லை. மரியதாஸ் அண்ணைக்கு முழுநாள் கூலி. விசுவமடுவில் இறக்கும் இடத்திலும் ஒரு ஆளை நிறுத்தினேன். எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் பயணத்தில் எங்களுக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனால் இந்தத் தொழிலின் உண்மையான செலவு அதுதான். முதல் தடவை நான் சொன்னது கூலியே இல்லை, ஆசை.

அக்காவும் வந்தா. முன் இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தா.

பூநகரியில் குளக்கட்டோடு லொறியை ஒட்டி நிறுத்தினோம். மணிச்சி வந்தாள், குனிந்து இடைவெளியைப் பார்த்தாள், நின்றாள். நான் தொலைபேசியை வண்டிக்குள்ளேயே விட்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்றாலும் நிற்போம் என்று இவர் குளக்கட்டில் குந்திவிட்டார்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன்.

அக்கா லொறியின் தளத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"நான் உள்ள ஏறலாங்களா?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. ஓம் அக்கா, ஏறுங்கோ என்றேன். அக்கா செருப்பைக் கழற்றிக் குளக்கட்டில் வைத்தா. இவருடைய தோளைப் பிடித்து, வீங்கிய காலை அந்த நாலு விரல் இடைவெளிக்கு மேலால் தூக்கி வைத்து, மற்றக் காலையும் வைத்து, லொறிக்குள் போய் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

மணிச்சி ஒரு அடி வைத்தாள். அடுத்த அடியில் உள்ளே போய், அக்காவின் முதுகோடு முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். மற்றவை அவள் பின்னால் தாங்களாகவே ஏறின. ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

நான் குளக்கட்டில் நின்று கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு ஏன் இப்பிடி ஏறேல்லை? சொல்லியிருக்கலாமே."

அக்கா மணிச்சியின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே சொன்னா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அது ஒங்க லொறிங்க. நீங்க ஏறச் சொல்லலியே."

குளக்கட்டில் கிடந்த செருப்பை எடுத்து, முன் இருக்கையின் கீழே வைத்தேன். விசுவமடு வரும் வரை நான் பின்னால், மாடுகளோடுதான் நின்று வந்தேன்.